அகலத் திரையின் இடது பாதி

கண்ணு,

இதை ஒரு மானிட்டர் கட்டுரை என்று நினைத்துத்தான் நீ திறந்திருப்பாய். கேம் ஆடவும் படம் பார்க்கவும் கையைக் கடிக்காத விலையில் ஓர் அகலத் திரையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று வந்திருப்பாய். எழுதியிருப்பது அம்மா. உடனே மூடிவிடாதே. நான் அனுப்பும் வாட்ஸப் எதையும் நீ திறப்பதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை. எப்போதாவது 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மறுபடியும் காணாமல் போய்விடுகிறாய். ஆனால் மானிட்டர் பற்றி யார் எங்கே எழுதினாலும் நீ படிக்காமல் விடமாட்டாய் என்று உன் சிநேகிதன் பிரபு சொன்னான். நீங்களெல்லாம் கூடி வழக்கடிக்கும் இந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தை அவன்தானே பார்த்துக்கொள்கிறான். "இதுல போட்டுடறேனுங்க டீச்சர், கண்டிப்பாப் பார்ப்பான்" என்றான். ஊரே படிக்கட்டும். வெட்கப்படுகிற நிலையை எல்லாம் நான் தாண்டி வந்துவிட்டேன். மானிட்டர் பற்றியும் சொல்கிறேன், ஏமாற்றமாட்டேன். நான் சொல்ல வந்ததே உனக்காக வாங்கிய ஒரு மானிட்டரால்தான் எனக்குத் தெரிந்தது.

நீ என்னை நம்பமாட்டாய் என்பதும் தெரியும். பிரபு உன்னிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, "அம்மா சமாதானம் பண்றதுக்குக் கதை கட்டறாங்கடா" என்று வெட்டிவிட்டாயாம். அவன் அதைத் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் ஆயிரம் பொய் சொல்லி அப்பனையும் மகனையும் ஒரே வீட்டில் வைத்திருக்கப் பார்த்தவள். அவர் உன் பேரையே எடுக்காத நாட்களில் எல்லாம் 'அப்பா உன்னைக் கேட்டாரு கண்ணு' என்று உனக்குப் போன் பண்ணினேன். நீ கேட்காத நாட்களில் எல்லாம் 'பையன் உங்களை விசாரிச்சானுங்க' என்று அவரிடம் சொன்னேன். ஒரு தீபாவளிக்கு நானே வேட்டி எடுத்து, நீ அனுப்பியதாகச் சொல்லி அவரிடம் கொடுத்தது உனக்கும் தெரிந்துபோயிற்று. புலி வருது கதைதான். இப்போது நிஜமாகவே புலி வந்து நிற்கிறது, கத்துகிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் இந்த முறை கெஞ்சப்போவதில்லை. நிரூபிக்கப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் வடிவியல் கணக்குக்கு வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதி வைத்து என்னிடமே மார்க்கை இழந்தவன் நீ. இப்போது நான் வழிமுறை எழுதுகிறேன், நீ திருத்து. தப்பு இருந்தால் அடித்துவிடு.

முதலில் உன் பழைய மானிட்டர். அதை நான் மறைக்கப்போவதில்லை. நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஐதராபாத்தில் கேம் தயாரிக்கிற ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் சேரப்போவதாக நீ சொன்னாய். சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே பல்லடம், காங்கேயம் என்று காலமெல்லாம் பஸ் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் அவர். விளையாட்டும் ஒரு வேலை என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. "பொட்டி இருந்தாத்தானே அதையவே பாத்துக்கிட்டுக் கெடப்பே" என்றார். நீ வெளியே போயிருந்த நேரத்தில் அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் முக்கு மளிகைக் கடைக்காரருக்குக் கண்காணிப்புக் காமிராவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீ திரும்பி வந்து வெறும் மேஜையைப் பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு ஐதராபாத்துக்கு வண்டி ஏறிவிட்டாய். அடுத்த நாள் கடைக்குப் பருப்பு வாங்கப் போனால் உன் மானிட்டரில் நானே கட்டம் கட்டமாகத் தெரிகிறேன்.

அதற்கப்புறம் நம் வீட்டு வழக்கப்படி எல்லாம் நடந்தது. உன் அப்பா வகையறாவில் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். முகம் கொடுக்கமாட்டார்கள். உன் பெரியப்பாவும் அவரும் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாயசம் வரைக்கும் சாப்பிட்டு எழுந்ததை நீயே பார்த்திருக்கிறாய். 'இவங்க எல்லாருக்கும் கழுத்துல நட்டு கழண்டுருச்சாம்மா?' என்று என் காதில் கேட்டாய். பந்தியில் சிரித்துப் புரையேறியது எனக்கு. முகத்தைத் திருப்பிக்கொள்வது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை அந்த வீட்டில் பிறந்த உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ அப்படிப் புரிந்துகொண்டாய். நானும் அப்படியேதான் புரிந்துகொண்டேன்.

அந்தச் சாயங்காலத்தை ஒரு தடவை நினைத்துப் பார். பக்கவாதம் வந்து அவரைச் சேர்த்திருந்தோம். இடது கை அசையவில்லை, பேச்சு கொஞ்சம் குழறல். சேதி கேட்டதும் நீ ஓடி வந்தாய், சட்டைகூட மாற்றவில்லை. கட்டிலுக்கு அருகில் நாற்காலியில் உட்கார்ந்து "அப்பா" என்று கூப்பிட்டாய். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். மறுபடியும் கூப்பிட்டாய். இன்னும் நன்றாகத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் நின்றிருந்த உன் மாமாவிடம் ஏதோ பேசினார். நர்ஸ் வந்தாள், அவளிடம் தண்ணீர் கேட்டார். பெற்ற மகன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பார்வை இல்லை. நீ எழுந்து வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பின்னாலேயே வந்து என்ன சொன்னேன்? "இப்ப நீ போயிரு சாமி. உன்னையப் பாத்தா அவருக்குப் பிரஷர் ஏறுது. கோவம் தணியட்டும்." நான்தான் சொன்னேன். "நான் வந்தா அவருக்கு ஆகாதுன்னா இனி வரலைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதோடு போனவன்தான்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நடக்க ஆரம்பித்தார், பேச்சும் தெளிந்தது. ஆனால் ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். சாப்பாட்டில் குற்றம். பீன்ஸ் பொரியல் தட்டிலேயே இருக்கும், "ஏம்புள்ள, இன்னைக்குப் பொரியல் வெக்கலையா?" என்பார். பாதித் தட்டைக் காலி பண்ணிவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "வவுறு நெறையலை" என்று வேறு முறைப்பார். என் சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தை மழித்துக்கொண்டு வந்தால் ஒரு கன்னம் பளபள, மறு கன்னம் முள்ளு முள்ளாக. கை வாகாக இல்லை போல என்று நானே மீதியை மழித்துவிட்டேன். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு, "இதைய யாரு இங்க கொண்டாந்து வெச்சது?" என்று நிலைப்படியைத் திட்டுவார். ஒரு நாள் உன் பேச்சு வந்தது. "வந்தவன் மூஞ்சியக் காட்டாமப் போயிட்டானே" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இவர், பழி பிள்ளைமேலா என்று அன்றைக்கு அவரிடம் நான் பேசவே இல்லை.

உன் சித்தி ஒருத்தி, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், ஆனைமலை மாசாணியம்மனிடம் போய் மிளகாய் அரைத்துப் பூசு, பண்ணினவர்களை ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றாள். நம்பிக்கை இருந்தோ இல்லாமலோ, பஸ் ஏறிப் போனேன். அம்மியில் மிளகாயை வைத்துக் குழவியைப் பிடித்த பிறகுதான் யோசித்தேன், யார் பேரைச் சொல்லி அரைப்பது? உன் பேரையா, அவர் பேரையா? என் பேரைச் சொல்லி அரைத்தேன். கை எரிச்சல் ரொம்ப நேரம் அடங்கவில்லை.

அங்கிருந்து வந்த வாரத்தில்தான் அவர் அதைச் சொன்னார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அவனுக்கு நல்லதா ஒரு பொட்டி வாங்கி வெச்சுப்போடலாம். பழசை நாந்தான தூக்கிக் குடுத்தேன். வந்தா மேஜை காலியா இருக்கக்கூடாது" என்றார். கண்ணு, இது நான் கட்டியது இல்லை. இதை நான் கட்டியிருந்தால் இன்னும் அழகாகக் கட்டியிருப்பேன்.

டவுன்ஹால் பக்கம் ஜமால் பாய் கடைக்குப் போனோம். உன்னைக் கல்லூரிக் காலத்திலிருந்து தெரிந்தவர். "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. தம்பி சொகமாங்க?" என்றார். நீ அடுக்களையில் நின்று எனக்கு வகுப்பெடுத்ததெல்லாம் அன்று கை கொடுத்தது. இஞ்ச் கணக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பாயே. அவர்கள் சொல்கிற இஞ்ச் கர்ணத்தின் நீளம், மூலையிலிருந்து எதிர்மூலைக்கு. உயரமும் அகலமும் எந்த விகிதம் என்று தெரியாமல் கர்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. இருபத்தொன்றுக்கு ஒன்பது என்கிற அகலத் திரையும், பதினாறுக்கு ஒன்பது என்கிற சாதாரணத் திரையும் ஒரே இஞ்ச் என்றால், அகலத் திரை குள்ளமாகத்தான் இருக்கும். நான் இதைச் சொன்னதும் பாய், "டீச்சரம்மாகிட்ட யாவாரம் பண்ண முடியாதுங்க" என்று சிரித்தார். வளைந்த திரை, தட்டைத் திரை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். படத்தில் இருட்டுக் காட்சி வரும்போது கறுப்பு கறுப்பாகவே தெரிகிறதா, சாம்பல் பூத்தாற்போல இருக்கிறதா என்று பார்த்தேன். பக்கவாட்டில் நின்று நிறம் மாறுகிறதா என்று பார்த்தேன். விலை குறைந்ததில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கறுப்பு நன்றாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கொஞ்சம் வெளிறும். வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து உட்காருவீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்குதான் எனக்கே தெரியவில்லை. திரை வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்பதில் பேராசைப்பட வேண்டாம், வீட்டிலுள்ள கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் காசு தண்டம் என்று பாயே சொன்னார். உயரத்தை ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; அட்டைப்பெட்டிமேல் மானிட்டரை வைத்துப் பார்த்தால் கழுத்து போய்விடும். உன் அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. "இருக்கறதுலயே அகலமாக் குடுங்க பாய். பஸ்ஸு கண்ணாடியாட்டம் இருக்கோணும்" என்றார்.

பிரபு வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தான். அவருக்குப் பிடிக்கட்டும் என்று நீங்கள் ஆடுகிற அந்த பஸ் கேமைப் போட்டு, தன்னுடைய பழைய ஸ்டியரிங்கையும் மேஜையில் மாட்டிவிட்டான். நம் ஊர் பஸ் மாதிரியே நிறம், ஹாரன் எல்லாம் இருந்தது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். வண்டியை நகர்த்தினார். முதல் நிறுத்தத்திலேயே நிழற்குடையை இடித்தார். அடுத்த நிறுத்தத்தில் நின்ற ஆட்கள்மேலேயே ஏற்றினார். இடது ஓரத்தில் இருந்த ஒரு கம்பத்தை, ஒரு டீக்கடையைக்கூட விடவில்லை. கண்ணு, இடது பக்கம் ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்ற டிரைவர் அவர். படிக்கட்டில் ஆள் தொங்குகிற பக்கம் அதுதான், அந்தப் பக்கத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கோணும் என்று கிளீனர் பையன்களைப் பாடாய்ப் படுத்துவாரே, அவர். "இந்தப் பொட்டியில எடது பக்கம் வேலை செய்யல. பாய் நம்ம தலைல கட்டிப்போட்டாரு" என்று கத்தினார்.

மறுநாள் ஒரு படம் போட்டேன். அகலத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் படம் முழுக்க நிறைந்து தெரிந்தது, அதற்காகவே வாங்கலாம். இடது ஓரத்தில் ஒருவன், வலது ஓரத்தில் ஒரு பெண், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள ஏன் தனியா நின்னு பேசிக்கிட்டிருக்குது? கிறுக்குப் புடிச்சுருச்சா?" என்றார். நானும் பெட்டியில்தான் கோளாறு என்று அடம்பிடித்து, அவரையும் ஆட்டோவில் ஏற்றி, பெட்டியோடு பாய் கடைக்கே போனேன். பாய் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று நிறம் நிறமாகத் திரை முழுக்க ஓடவிட்டுக் காட்டினார். திரையில் எரியாத புள்ளி ஒன்றுகூட இல்லை. "பொட்டியில ஒரு கொறையும் இல்லீங்கம்மா. வேணும்னா மாத்தித் தாரேன். ஆனா அதுலயும் இப்படியேதானுங்க இருக்கும்" என்றார். இவர் பாயை அடிக்காத குறை.

வீட்டுக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் வெள்ளைத் திரை. ஏன் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை. கரும்பலகை முன்னால் நின்று நின்று பழகின கை. திரையின் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். "ஏனுங்க, இந்தக் கோட்டுக்கு நடுப்புள்ளி எதுன்னு கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க" என்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணளவில் காட்டும். அவர் விரலை நீட்டி, வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார். "இதா இதுதான். என்ன, சோதிக்கறயா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கேட்டேன். அதே இடம். அவருக்குக் கோடு அவ்வளவுதான். மீதிக் கோடு அவருக்கு இல்லவே இல்லை. பொரியல் இருந்த பக்கம், மழிக்காத கன்னம், இடித்த நிலைப்படி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எனக்குள் வந்து விழுந்தன. எல்லாமே இடது.

டாக்டரிடம் ஓடினேன். அவரும் காகிதத்தில் கோடு போட்டுத்தான் சோதித்தார். "கண்ணுல கோளாறு இல்லீங்க. பக்கவாதத்துல மூளை அடிபட்டதால எடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அது விட்டுப்போடுது. விட்டுப்போடுதுன்னு அவருக்கே தெரியாதுங்க" என்றார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இடது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால்? காது கேட்குமே, திரும்பமாட்டாரா? டாக்டர் சொன்னார்: "திரும்புவாருங்க. ஆனா சிலபேரு சத்தம் வந்தது எந்தப் பக்கம்னு தெரியாம வலது பக்கமாத் திரும்பித் தேடுவாங்க." ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன்.

இப்போது நீ சொல் கண்ணு. அன்றைக்கு நீ உட்கார்ந்த நாற்காலி எந்தப் பக்கம் இருந்தது? நான் சொல்ல மாட்டேன், நீயே நினைத்துப் பார். ஜன்னல் எந்தப் பக்கம்? சலைன் பாட்டில் தொங்கியது எந்தப் பக்கம், நர்ஸ் வந்தது எந்தப் பக்கம், உன் மாமா நின்றது எந்தப் பக்கம்? நீ "அப்பா" என்று கூப்பிட்டாய், அவர் அந்தப் பக்கம் திரும்பினார். உன்னைத் தேடித்தான் திரும்பினார். நீ மறுபடி கூப்பிட்டபோது இன்னும் நன்றாகத் தேடினார். அங்கே மாமாதான் இருந்தார். மாமாவிடம் அவர் என்ன பேசினார் என்று போன வாரம்தான் போன் பண்ணிக் கேட்டேன். "பையன் சத்தம் கேக்குதே, எங்க மாப்ள அவன்?" என்று கேட்டாராம். பேச்சுக் குழறலாக இருந்ததால் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டாராம் உன் மாமா. நீ வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாய் என்றுதான் உன் அப்பா இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவன் மூஞ்சியக் காட்டாமப் போயிட்டானே என்றது அதைத்தான். அதற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதை அவரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. அவர் தட்டைத் திருப்பிவைத்து, அதுவரை இல்லாத பொரியலைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவன் உள்ள வந்தானா?" என்றார். வந்தானுங்க என்றேன். "பக்கத்துலயா உக்காந்தான்?" ஆமாங்க, கட்டிலை ஒட்டி. "எந்நேரம் உக்காந்திருந்தான்?" ரொம்ப நேரமுங்க என்றேன். வலது கையால் இடது பக்கத்துக் காற்றைத் தடவிப் பார்த்தார் கண்ணு. பஸ் டிரைவர் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த மானிட்டரில்தான் பயிற்சி. இடது ஓரத்தில் பளிச்சென்று ஏதாவது அடையாளம் வைத்து, அது தெரிகிறவரை தலையைத் திருப்பிப் பழக்கச் சொன்னார்கள். என்னுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகளைத் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறேன். "பொட்டு தெரியுதுங்களா?" என்பேன். தலையைத் திருப்பித் திருப்பி, கழுத்து நரம்பு புடைக்க, "இரு, வாரேன்... வாரேன்... ஆங், தெரியுது" என்பார். பொட்டைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம் என்பது என் சட்டம். சில நாள் நிழற்குடையை இடிக்காமல் நிறுத்திவிடுவார். சில நாள் பொட்டே தெரியாமல் தலை சுற்றிப் படுத்துவிடுவார். மாடும் நிழற்குடையும் ஒன்றாய் அடிபட்ட ஆட்டம் ஒன்றைப் பிரபு பதிவு பண்ணிக் கீழே போட்டிருக்கிறான். நான் கதை கட்டுவேன், ரீப்ளே கட்டாது. ஓடவிட்டுப் பார். எல்லா அடியும் எந்தப் பக்கம் என்று பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன புதன்கிழமை காலையில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வினாடி என்னையே தெரியவில்லை, பிறகு தெரிந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பயன்? உன் கோபத்தை விடச் சொல்லவில்லை. மானிட்டரை அவர் தூக்கிக் கொடுத்தது தப்பு, நீ தேர்ந்தெடுத்த வேலையைக் கேவலமாகப் பேசியது தப்பு. வந்து உட்கார்ந்து அதற்குச் சண்டை போடு. எதிரில் ஆள் இருப்பது தெரிந்து போடுகிற சண்டையாக இருக்கட்டும். பிரபுவுக்காவது ஒரு வார்த்தை அனுப்பு. எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல், போதும். இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மானிட்டர் வாங்கினால் வீட்டில் வயதானவர்களை ஒரு தடவை அதன் முன்னால் உட்கார வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். என் மகனுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவனைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் எங்கள் எல்லோரையும் அவருடைய இடது பக்கமே நின்று பேசச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் தலையைத் திருப்பிப் பழகுவாராம். நானும் அங்கேதான் நிற்கிறேன், பிரபுவும் அங்கேதான் நிற்கிறான், காப்பித் தம்ளரைக்கூட அந்தப் பக்கம்தான் வைக்கிறேன். நீ வரும்போது அந்தப் பக்கம் வராதே கண்ணு. வாசலில் செருப்பைக் கழற்றியதும் மேஜையைச் சுற்றிக்கொண்டு நேராக அவருடைய வலது பக்கம் வா. அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், அதில் யாரையும் உட்காரவிடுவதில்லை. நீ கூப்பிடக்கூட வேண்டாம், சும்மா வந்து உட்கார். அவர் பார்த்துவிடுவார்.

அம்மா